தீனி போட்டும் தேறாத மீன்: அறிகுறி பார்த்துக் குறை தீர்க்கும் வழி

வேலூரில் வண்ணமீன் வளர்ப்பவர்கள், மீனுக்கு ஏதாவது ஆனால் முதலில் மாற்றுவது தீனியைத்தான். பச்சைக் குருணை போட்டு நிறம் வரவில்லையென்றால் சிவப்புக் குருணை. அதுவும் சரிப்படாவிட்டால் புழு. அதற்கும் மேல் போனால் சென்னை கொளத்தூருக்குப் போய் விலை உயர்ந்த டப்பா ஒன்று. தீனி மாறிக்கொண்டே இருக்கும், மீன் அப்படியே இருக்கும். குறை பெரும்பாலும் தீனியின் பெயரில் இருப்பதில்லை. அந்த மீனின் வாய்க்கும் குடலுக்கும் அது ஒத்துவராமல் இருக்கும். அல்லது ஒத்துவரும் தீனியே நம் ஊர் வெயிலில் பாக்கெட்டுக்குள் கெட்டுப்போயிருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் கடைக்குப் போவது வீண்செலவு.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் தெரிவது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஒரு வேளை தீனி போட்டுவிட்டு, கைப்பேசியை ஓரமாக வைத்து, தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். வாய் மேல்நோக்கி இருக்கும் கப்பி, ஃபைட்டர், அரோவானா ஆகியவை நீர்ப்பரப்பில் தின்னப் பிறந்தவை. ஏஞ்சல், பார்ப், ஆஸ்கார் போல வாய் நேராக இருப்பவை நடுநீரில் தின்னும். வாய் கீழ்நோக்கியிருக்கும் கோரிடோரஸும் சக்கர் மீனும் அடித்தரையில் தேடும். மிதக்கும் குருணையை மட்டுமே போடும் தொட்டியில், அடிமீன் பட்டினி கிடப்பது வெளியே தெரியாது. பிறகு, இரண்டு நிமிடத்தில் எவ்வளவு மிச்சமாகிறது, எந்த மீன் விரட்டுகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது பாக்கெட். திறந்து முகர்ந்து பாருங்கள். மீனும் பாசியும் கலந்த வாடை வந்தால் சரி. முறுக்கு சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெயின் காறல் வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று பொருள். குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, மேலே சாம்பல் நிறத்தில் படலம் தெரிந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

உடம்பில் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், செதில்கள் சிலிர்த்து நிற்பது, புண், மேலே வந்து வாயைத் திறந்து மூடிக் காற்றுக்குத் தவிப்பது: இவையெல்லாம் தீனிக் குறை அல்ல. முதல் மூன்றும் நோய். கடைசியானது தண்ணீர்க் கோளாறு. இந்த நிலையில் சத்தான தீனி தேடி அலைவதை விட, தீனியை நிறுத்திவிட்டு தண்ணீரைக் கவனிப்பதே மீனுக்குச் செய்யும் உதவி.

வாயில் வாங்கித் துப்புகிறது

குருணை பெரிதாக இருக்கலாம். மீனின் கண் அளவைத் தாண்டாத குருணை போதும் என்பது நடைமுறைக் கணக்கு. மெல்ல முடியாத கடினத்தால் துப்பினால், தொட்டித் தண்ணீரிலேயே ஒரு கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். நீண்ட நேரம் ஊறவைத்தால் தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் கிண்ணத்திலேயே தங்கிவிடும்.

நேற்றுவரை தின்ற அதே தீனியை இன்று எல்லா மீன்களும் துப்பினால், முகர்ந்து பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காறலை நம் மூக்குக்கு முன்பே மீன் கண்டுபிடித்துவிடும். ஒரே ஒரு மீன் மட்டும் துப்பினால் அதன் வாயைப் பாருங்கள்: காயமோ, சிக்கிய கூழாங்கல்லோ இருக்கலாம். தங்கமீன்களுக்குக் கல் சிக்குவது அடிக்கடி நடப்பதுதான். புதிதாக வாங்கி வந்த மீன் இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருப்பது இயல்பு.

நிறம் வெளிறிப்போகிறது

"எது போட்டால் கலர் ஏறும் அண்ணா?" என்பதுதான் மீன் கடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், மீன் முதலில் எப்படிப்பட்ட நிறத்தில் வந்தது என்று கேட்கவேண்டும்.

கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்பில் இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையுமாக வரும் சில மீன்களுக்கு அந்த நிறம் பிறவியில் வந்ததல்ல, சாயம் ஏற்றியது. சில மாதங்களில் அது போய்விடும். எந்தத் தீனியும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. ரத்தச் சிவப்பாக வாங்கிய பேரட் மீன் ஆரஞ்சாக, பிறகு மஞ்சளாக மாறினால், பண்ணையில் கொடுத்த நிறமூட்டித் தீனி நின்றுவிட்டது என்பதே காரணம். கறுப்புத் தங்கமீன் ஆரஞ்சாக மாறுவது அதன் பரம்பரைக் குணம். நீலமும் வெள்ளியும் மினுங்குவது தோலில் உள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்புவதால். அதற்கும் தீனிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரவில் விளக்குப் போட்டவுடன் மீன் வெளிறித் தெரிவதும் இயல்பே. வெள்ளைத் தரை, வெள்ளைப் பின்னணி உள்ள தொட்டியில் பல மீன்கள் தாமாகவே நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். கறுப்புத்தாள் ஒன்றைப் பின்னால் ஒட்டிப் பாருங்கள், பத்து ரூபாய்கூட ஆகாது.

இவை எதுவும் இல்லை, சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும்தான் மெல்ல மங்குகின்றன என்றால் அது தீனிக் குறை. கரோட்டினாய்டு என்ற நிறமிகளை மீனால் உடலுக்குள் உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் பெறவேண்டும். தங்கமீனுக்கும் கோய் கெண்டைக்கும் ஒரு வசதி உண்டு: சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கும் ஸியாக்சாந்தின் என்ற நிறமியை உள்ளே வாங்கி, சிவப்பு நிறமியான அஸ்டாக்சாந்தினாக மாற்றிக்கொள்ளும். அதனால் அவற்றுக்கு ஸ்பைருலினா கலந்த தீனி போதும். எல்லா மீனுக்கும் அந்தத் திறமை இல்லை. ஆஸ்கார், பிளவர்ஹார்ன் போன்றவற்றுக்கு இறால், கிரில், அஸ்டாக்சாந்தின் என்று பொருட்பட்டியலில் எழுதியிருக்கும் தீனியே பலன் தரும். வேகவைத்த இறால் ஓட்டின் சிவப்பும் இதே அஸ்டாக்சாந்தின்தான்.

பலன் தெரிய ஒரு மாதமாவது ஆகும். ஒரு வாரத்தில் நிறம் ஏறும் என்று யாராவது விற்றால் அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது. ஹார்மோன் கலந்து நிறமேற்றும் வழக்கம் இந்தத் தொழிலில் புதிதல்ல. குருணையின் வெளிநிறத்துக்கும் மீனின் நிறத்துக்கும் தொடர்பே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் குருணையின் சிவப்பு பெரும்பாலும் நம் கண்ணுக்காகப் போட்ட சாயம்.

தின்கிறது, ஆனாலும் வயிறு ஒட்டிக் கிடக்கிறது

மேலிருந்து பார்த்தால் தலை பெரிதாகவும் முதுகு ஒடுங்கியும் தெரியும். மலவாயில் சிவப்பு நூல் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது குடற்புழு. கப்பி, மோலிகளிடம் சாதாரணமாகக் காணப்படும். புழுவுக்கு மருந்துதான் வேண்டும், தீனி அல்ல.

நூல் இல்லை என்றால், உண்மையிலேயே தின்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் வலுத்தது வயிறு முட்டத் தின்ன, இளைத்தது வாயைத் திறந்து காத்துக்கொண்டிருக்கும். தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் தீனி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தப் பட்டினியில் அதிகம் மாட்டுவது சக்கர் மீன். "இது அழுக்கைத் தின்னும், தனியாகத் தீனி வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள். கண்ணாடியில் படியும் பாசி அதற்கு ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. பசி பொறுக்காமல் இரவில் தங்கமீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பைச் சுரண்டும். தங்கமீனின் விலாவில் வட்டமாகச் செதில் போயிருந்தால் குற்றவாளி யாரென்று தேட வேண்டியதில்லை. விளக்கை அணைத்த பிறகு, அடியில் மூழ்கும் பாசி வில்லையோ, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த சுரைக்காய் அல்லது வெள்ளரித் துண்டோ போடுங்கள். காய்த்துண்டை ஒரு ஸ்பூனில் குத்தி மூழ்கவைக்கலாம். காலையில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். கடையில் வாங்கிய காயைத் தோல் சீவியே போடுங்கள், மருந்தடித்த காய்தான் அதிகம்.

சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரக்கூடியது. பெரிதாகிவிட்டதென்று ஏரியிலோ கோட்டை அகழியிலோ விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வயிறு உப்பி, தலைகீழாக மிதக்கிறது

குட்டை உடம்புள்ள தங்கமீன்களான ஒரண்டா, ரஞ்சு, ரியூகின் ஆகியவற்றின் நிரந்தரக் குறை. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். ஒரே வேளையில் கொட்டினால் குடல் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் காற்றுப்பையை நெருக்கும். மிதக்கும் குருணையைத் தின்னும்போது கூடவே காற்றையும் விழுங்கிவிடும்.

இரண்டு மூன்று நாள் தீனியை முழுதாக நிறுத்துங்கள். வீட்டில் யாராவது இரக்கப்பட்டு ரகசியமாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி. பிறகு, வேகவைத்துத் தோலை உரித்த பட்டாணியை நசுக்கி, மீன் ஒன்றுக்கு ஒன்று கொடுங்கள். பச்சைப் பட்டாணி கிடைக்காத மாதங்களில் காய்ந்த பட்டாணியை ஊறவைத்து வேகவைத்தாலும் போதும், உப்பு மட்டும் கூடாது. தேறியபின் மூழ்கும் குருணைக்கு மாறி, ஒரு நாள் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் தலைகீழாகவே கிடந்தால் குறை தீனியில் இல்லை, உடலமைப்பிலோ காற்றுப்பையிலோ இருக்கிறது. வயிறு உப்பியதோடு செதில்களும் பலாப்பழத் தோல்போல் சிலிர்த்திருந்தால் அது சிறுநீரகம் செயலிழக்கும் நிலை. பட்டாணியால் ஆவது ஒன்றுமில்லை.

பொரி, பிஸ்கட், சோறு ஆகியவற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை, வீட்டுத் தொட்டியிலும் அதையே செய்யப் பார்க்கும். குளத்தில் மீன் மேய்வதற்குப் பாசியும் புழுவும் பூச்சியும் இருக்கின்றன. பொரி அங்கே வெறும் நொறுக்குத் தீனி. கண்ணாடித் தொட்டியில் அது ஒன்றே சாப்பாடு என்றால் முழுக்க மாவுச்சத்துதான் உள்ளே போகிறது. கல்லீரலில் கொழுப்பு ஏறும், தண்ணீர் புளிக்கும்.

வெள்ளை நூல்போல் கழிவு தொங்குகிறது

பட்டினி போட்ட மறுநாள் இப்படி வந்தால் கவலை வேண்டாம், குடல் காலியாக இருக்கிறது என்பதுதான் பொருள். நன்றாகத் தின்றும் நாள்கணக்கில் வெள்ளையாகவே வந்தால் குடலுக்குள் ஒட்டுண்ணி இருக்கலாம். தீனியின் நிறத்திலேயே, குட்டையாக, தானாக அறுந்து விழும் கழிவுதான் செரிமானம் சரியாக இருப்பதன் அடையாளம்.

கோடையில் தண்ணீர் கலங்குகிறது, மீன் மேலே வந்து தவிக்கிறது

நம் ஊரில் எழுதியே ஆகவேண்டிய பகுதி இது. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மாடி வீட்டுத் தொட்டியில் தண்ணீர் 32, 33 டிகிரியில் நிற்கும். 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனுக்கோ ஆக்சிஜன் தேவை கூடுகிறது. தின்றபின் செரிமானத்துக்காக இன்னும் கூடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு வயிறு நிறையப் போட்டு, அரை மணி நேரத்தில் மின்சாரமும் போனால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 40 சதவீதப் புரதமுள்ள தீனி 1 கிராம் தின்னப்படாமல் அடியில் கிடந்து அழுகினால் 64 மில்லிகிராம் நைட்ரஜன் வெளிப்பட்டு அம்மோனியாவாகிறது. 50 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு வரும். வடிகட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா நன்கு வளர்ந்திருந்தால் சமாளிக்கும், புதுத் தொட்டியில் சமாளிக்காது. போர்த் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த வடிவில் கிடக்கும், பி.எச். 8 ஆனால் நச்சு வடிவம் கிட்டத்தட்ட 10 மடங்காகிறது. அதே தீனி, அதே அளவு. ஆனால் ஒரு வீட்டில் மீன் நன்றாக இருக்கிறது, அடுத்த தெருவில் சாகிறது என்றால், ஒருவர் காவிரிக் குழாய்த் தண்ணீரும் மற்றவர் போர்த் தண்ணீரும் ஊற்றுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கலங்கல் தெரிந்த அன்றே தீனியை நிறுத்தி, அடியில் கிடப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, தண்ணீரில் நாலில் ஒரு பங்கு மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றவேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும். மறுநாளிலிருந்து, கத்திரி முடியும்வரை, தீனி காலை வெயிலுக்கு முன் ஒரு வேளையும் மாலை வெப்பம் தணிந்தபின் கொஞ்சமும் மட்டும். வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 1 முதல் 2 சதவீதம் தீனி போதும். 20 கிராம் தங்கமீனுக்கு அது அரை கிராமைக்கூட எட்டாது. பெரும்பாலான வீடுகளில் போடப்படுவது இதைவிடப் பல மடங்கு.

கோடையில் தீனியும் கெடுகிறது. கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்டிருப்பார்கள். எப்போது பிரித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றும் சேர்ந்தால் முதலில் போவது வைட்டமின் சி, பிறகு கொழுப்பு. சில்லறைப் பொட்டலத்தில் மிச்சப்படும் பணம் மருந்தில் போய்விடும். தேதி அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட சிறிய டப்பாவையே வாங்குங்கள். பெரிய டப்பா மலிவு என்பது ஒரு மீன், இரண்டு மீன் வளர்ப்பவருக்குப் பொருந்தாது. திறந்த தீனியை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய டப்பாவையே தினமும் வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் பூத்து பூஞ்சணம் பிடிக்கும். ஈரக் கையை உள்ளே விடுவதும் அதே தவறுதான்.

வளர்ச்சியே இல்லை

பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். பொருட்பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வருவது வழக்கம். மீன் தூள், இறால் தூள், பூச்சிப்புழு, பாசி என்று ஆரம்பித்தால் நல்லது. கோதுமை மாவும் சோயாவும் முதலிரண்டு இடத்தில் இருந்தால் முன்பக்கத்தில் எந்த மீனின் படம் போட்டிருந்தாலும் அது மாவு உருண்டைதான்.

வளர்ந்த தங்கமீனுக்கு 30 முதல் 35 சதவீதம் புரதம் போதும். கப்பி, ஏஞ்சல், டெட்ரா வகைக்கு 40 அளவில் இருக்கட்டும். ஃபைட்டரும் ஆஸ்காரும் ஊன் உண்பவை, 40-க்கு மேல் வேண்டும். மோலிக்குப் புரதத்தோடு பாசியும் கீரையும் கட்டாயம். அதிகப் புரதமே உயர்வு என்று தங்கமீனுக்கு அரோவானா தீனியைப் போடுவது பணத்தை அம்மோனியாவாக மாற்றும் வேலை.

புரதம் சரியாக இருந்தும் வளரவில்லையென்றால் நெருக்கடியும் தண்ணீர் மாற்றாததும் காரணமாக இருக்கும். 20 லிட்டர் தொட்டியில் நான்கு தங்கமீன்களை வைத்துக்கொண்டு தீனியைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை.

மாடு, ஆடு வளர்க்கும் வீடுகளில் கடலைப் பிண்ணாக்கு எப்போதும் இருக்கும். வட ஆர்க்காட்டில் நிலக்கடலைக்குப் பஞ்சம் இல்லை. குளத்துக் கெண்டைக்குப் போடுவதுபோல் தொட்டி மீனுக்கும் போடுகிறார்கள். புரதம் இருப்பது உண்மைதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சேர்வதும் உண்மைதான். 1960-இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் செத்தபோது, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் துருவித்தான் இந்த நஞ்சைக் கண்டறிந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் டிரவுட் மீன் பண்ணைகளில் பரவிய கல்லீரல் புற்றுக்கும் தீனியில் இருந்த இதே நஞ்சுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டாலோ வேகவைத்தாலோ அது போகாது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன

பெரிய மீனுக்குப் போடும் செதில் வடிவத் தீனியைப் பொடித்துப் போடுவது கப்பி, மோலிக் குஞ்சுக்கு ஓரளவு ஒப்பேறும். ஃபைட்டர் குஞ்சின் வாய்க்கு அந்தப் பொடியே பெரிது. முதல் சில நாள்களுக்கு நுண்ணுயிர் நீர்தான் வேண்டும். அதற்கடுத்த படி, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சு. அதன் முட்டையை வாங்கி வீட்டிலேயே பொரிக்கலாம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு போட்டுக் கரைத்து, முட்டையைத் தூவி, காற்றுக்குழாயை அடிவரை விட்டு, மேலே வெளிச்சம் படும்படி வையுங்கள். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். கோடையில் பாட்டிலைத் தண்ணீர் வாளிக்குள் நிறுத்தி 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பொரிப்பு குறையும். காற்றை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம் திரளும். அவற்றை மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது தன் மஞ்சள் கருவைத் தானே தின்று தீர்க்கிறது. சத்து குறைந்துகொண்டே போகும்.

வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழியும் பழைய முறையும் உண்டு. அதில் சத்துக்குக் குறைவில்லை, தண்ணீரை நாசமாக்கும் வேகத்துக்கும் குறைவில்லை. ஊசிமுனை அளவைத் தாண்டக்கூடாது.

முதுகெலும்பு வளைகிறது

வைட்டமின் சி குறைவு ஒரு காரணம். எலும்பையும் குருத்தெலும்பையும் கட்டும் புரதம் உருவாக அது வேண்டும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சேமிப்பில் விரைவில் அழிந்துவிடுவதால், நல்ல தயாரிப்பாளர்கள் அஸ்கார்பில் பாலிபாஸ்பேட் என்னும் நிலையான வடிவத்தைச் சேர்ப்பார்கள். பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். வளைந்தது இனி நிமிராது. மற்ற மீன்களைக் காக்கலாம்.

கப்பிகளில் உடன்பிறந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருகியதாலும் வளைவு வரும். இளைத்து, புண்ணும் வந்து வளைந்தால் மீன் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கிருமி கையில் உள்ள காயம் வழியாக மனிதருக்கும் வரக்கூடியது. காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

ஆஸ்கார், பிளவர்ஹார்ன் தலையில் குழி விழுகிறது

நாள்தோறும் கோழிக்கறியோ, சிறுமீனோ மட்டும் போட்டு வளர்த்தவற்றில் இதை அதிகம் பார்க்கலாம். குடல் ஒட்டுண்ணி, மோசமான தண்ணீர், வைட்டமின் மற்றும் தாதுக் குறை எல்லாம் இதில் கைகோத்து நிற்கின்றன. கோழி, மாட்டிறைச்சியின் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது. கல்லீரலில் போய்ப் படியும். உயிருள்ள தங்கமீனைப் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்ப்பதில் நோய் இலவச இணைப்பு. தங்கமீன் உடம்பில் தியாமினேஸ் என்ற நொதியும் இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். முழுமையான குருணையை அடிப்படையாக வைத்து, வாரத்தில் ஓரிரு நாள் தோலுரித்து வேகவைத்த இறால் கொடுங்கள். குருணையைத் தொடாமல் அடம் பிடித்தால் சில நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும். நன்கு வளர்ந்த ஆஸ்காருக்கு ஒரு வாரம் ஒன்றும் செய்யாது.

புழு போட்ட மறுவாரமே நோய்

டியூபிபெக்ஸ் புழு சாக்கடையும் கழிவும் கலந்த சேற்றில் வாழ்வது. சத்து உண்டு, கூடவே கிருமியும் உண்டு. உலர்த்திய கட்டியாக வாங்குவது குறைந்த ஆபத்து. உறைய வைத்த ரத்தப்புழு இதைவிட மேல், ஆனால் மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்ததா என்று பாருங்கள். கட்டங்களின் ஓரம் மழுங்கி, ஒன்றோடொன்று வழிந்திருந்தால் வாங்காதீர்கள். காய்ந்த ரத்தப்புழுவின் தூள் சிலருக்கு மூக்கடைப்பும் அரிப்பும் தரும், டப்பாவுக்குள் முகத்தை வைக்கவேண்டாம்.

கொசுப்புழு ஃபைட்டருக்கு அருமையான தீனி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. டெங்கு காலத்தில் மொட்டை மாடியில் வாளி வைத்து வளர்ப்பதில்தான் சம்மதம் இல்லை. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். ஒரு நாள் மறந்தால் தெருவே அனுபவிக்கும். மாநகராட்சி ஊழியர் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு. அதற்குப் பதில் மொய்னா என்னும் நீர்த்தெள்ளை வளர்க்கலாம்.

கடைத் தீனியோடு சேர்த்துக் கொடுக்க வீட்டுத் தீனி

வெளிறிய தங்கமீன், மோலி, ஏஞ்சல் ஆகியவற்றுக்கு வாரம் இரண்டு நாள் தரலாம். வேகவைத்த இறால் 150 கிராம், தோலுரித்த பட்டாணி 100 கிராம், கேரட் 75 கிராம், வதக்காமல் ஆவியில் வேகவைத்த முருங்கைக்கீரை 50 கிராம், ஸ்பைருலினா தூள் ஒரு தேக்கரண்டி. உப்பு, எண்ணெய், மஞ்சள்தூள் எதுவும் கூடாது. நைசாக அரைத்து, விழுதை அறை வெப்பத்தில் வையுங்கள். நோன்புக் காலத்தில் ஆம்பூர், மேல்விஷாரம் வீடுகளில் இனிப்புக்கு வாங்கும் அதே கடற்பாசித் தூள் (அகர் அகர்) 6 கிராமை 200 மில்லி தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, விழுதில் ஊற்றி வேகமாகக் கலக்கவேண்டும். விழுது குளிர்ந்திருந்தால் கலக்கும் முன்பே கட்டியாகிவிடும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, உறைந்ததும் சிறு துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரும். ஜெலட்டினைவிடக் கடற்பாசி நமக்கு நல்லது. 33 டிகிரித் தண்ணீரிலும் கரையாமல் நிற்கும்.

கருவாட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள் உண்டு. உப்புக் கருவாடு வேண்டாம். அசோலா என்னும் மிதக்கும் நீர்ச்செடி, மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு கைப்பிடி கிடைக்கும். தங்கமீனும் மோலியும் மேயும், ஃபைட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது

வளர்ந்த, நலமான மீன் ஒரு வாரம் தீனியில்லாமல் இருக்கும். குஞ்சுகள் இருக்காது. பக்கத்து வீட்டாரிடம் டப்பாவை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான ஏற்பாடு, பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடவேண்டியதைத் தனித்தனித் தாளில் மடித்துக் கிழமை எழுதிக் கொடுங்கள், டப்பாவை ஒளித்துவையுங்கள். வாரக்கணக்கில் கரையும் விடுமுறைக் கட்டியை நான் வாங்கமாட்டேன், தண்ணீரைக் கெடுக்கக்கூடியது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, வடிகட்டி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்த அன்று வழக்கமான அளவில் பாதி போட்டால் போதும். மறுநாளிலிருந்து முழு அளவு.